பிரதியும் நகலும்: வம்ச வரலாறு வீட்டுக் கணினிக்குள் போனபோது

'பிரதி' என்கிற சொல் தமிழில் இரட்டை வாழ்க்கை வாழ்கிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நமது சிற்றிதழ்களில் நடந்த அமைப்பியல், பின்னமைப்பியல் விவாதங்கள் வழியாக அது 'டெக்ஸ்ட்' என்பதற்கான கலைச்சொல்லாக நிலைபெற்றது. வாசகன் உருவாக்குவது பிரதி என்றோம், ஆசிரியன் இறந்தபின் எஞ்சுவது பிரதி என்றோம். சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தரிடம் கேட்டால் பிரதி என்றால் நகல், அவ்வளவுதான். 'அசல் ஒண்ணு, பிரதி ரெண்டு' என்பார். இந்தக் கட்டுரை பத்திர எழுத்தரின் பொருளிலிருந்து தொடங்குகிறது. ஒரு பிரதி பிரதியாக நீடிப்பதற்கு அதற்கு எத்தனை பிரதிகள் வேண்டும் என்பதுதான் கேள்வி.

கேள்வியை எழுப்பியது பிள்ளையார்பட்டியில் ஒரு வீடு. அந்த வீட்டுப் பெரியவர் 1998 வாக்கில் ஒரு கணினி வாங்கி, ஆறு ஆண்டுகள் உட்கார்ந்து, ஏழு தலைமுறைப் பெயர்களையும் உறவுகளையும் தட்டச்சு செய்தார். ஏற்றி முடித்த நோட்டுகளும் ஓலைகளும் பழைய பேப்பர்காரரிடம் போயின. 'அதான் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே' என்பது அன்றைக்கு எல்லோருக்கும் நியாயமாகப் பட்ட வாதம். பிறகு ஒரு கோடையில் பெட்டி எழுந்திருக்கவில்லை. பெரியவர் காலமான பின், பரணில் கிடந்த ஹார்ட் டிஸ்கை அவர் மருமகள் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். 'எல்லாம் இதுக்குள்ளதான் இருக்குங்க. எடுத்துக் குடுத்தீங்கன்னா போதும்.'

'எல்லாம் இதுக்குள்ளதான்' என்ற வாக்கியம் எவ்வளவு புதியது என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். அந்த வட்டைத் திறக்க முயன்றதில் தெரியவந்தது ஒரு இழப்பு அல்ல. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று இழப்புகள். முதலாவது பெட்டியின் சாவு. இரண்டாவது எழுத்துருவின் சாவு. மூன்றாவது, கணினி நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்தபோதே நடந்துமுடிந்தது. இவை மூன்றையும் தனித்தனியே பார்க்கும் முன், கணினிக்கு முன்பு இந்த நினைவு எங்கே இருந்தது என்று பார்த்துவிடலாம்.

1

பிள்ளையார்பட்டியை வெளியூர்க்காரர்கள் கற்பக விநாயகரின் ஊராக அறிவார்கள். நகரத்தாருக்கு அது ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்று. ஒருவர் எந்தக் கோயிலைச் சேர்ந்தவர் என்பதே யாரை மணக்கலாம், யார் பங்காளி, யார் வீட்டிலிருந்து பிள்ளை கூட்டிக்கொள்ளலாம் என்பதை முடிவு செய்கிறது. பிள்ளையார்பட்டிக் கோயிலாரும் இரணியூர்க் கோயிலாரும் சகோதர முறை; அவர்களுக்குள் கொள்வினை கொடுப்பினை கிடையாது. ஆக, வம்ச வரலாறு இங்கே ஓய்வுபெற்றவரின் பொழுதுபோக்காகப் பிறக்கவில்லை. சாதி தன்னைத் தானே மறுஉற்பத்தி செய்துகொள்ளும் இலக்கணமாக அது இருந்தது.

அந்த இலக்கணத்தை எங்கே எழுதிவைத்தார்கள்? ஒரே இடத்தில் எழுதவில்லை என்பதுதான் முக்கியம். மணமான தம்பதி ஒரு 'புள்ளி'. புள்ளிக்கு இவ்வளவு என்று வரி வாங்குவதால் அது கோயில் கணக்கில் ஏறும். கல்யாணத்தில் இரு வீட்டார் இசைவையும் எழுதும் இசைகுடிமானத்தில் பெயர்களும் ஊரும் கோயிலும் ஏறும். பித்தளைப் பாத்திரத்தின் விளிம்பில் விலாசம் வெட்டப்படும். விலாசம் என்றால் இங்கே முகவரி இல்லை. பாட்டன், தகப்பன் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த குடும்ப, தொழில் அடையாளம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் இன்றைக்கும் யாருடையதோ விலாசம் வெட்டிய அண்டாக்கள் எடைக்கும் விலைக்கும் காத்திருக்கின்றன.

மொய் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் எந்தச் சாதிக்காரர் வீட்டிலும் அது உண்டு. நான் உங்கள் வீட்டு விசேஷத்தில் எழுதிய மொய் உங்கள் நோட்டில் இருக்கிறது; நீங்கள் எழுதியது என் நோட்டில். என் வீடு எரிந்துபோனாலும் என் உறவுகளின் பட்டியல் ஐம்பது வீடுகளில் சிதறிக் கிடக்கும். திருப்பிச் செய்தாக வேண்டும் என்ற கடமை இருப்பதால் அந்த நோட்டை யாரும் சும்மா போட்டுவைப்பதும் இல்லை. அடிக்கடி புரட்டுகிறார்கள், சரிபார்க்கிறார்கள், சண்டை போடுகிறார்கள். சண்டையும் ஒருவகைப் பராமரிப்புதான்.

வட்டித் தொழிலிலும் இதே முறை. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கடை நடத்திய முகவர்கள், கணக்கின் நகலை ஊரிலிருந்த முதலாளிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நம்பிக்கையின்மையிலிருந்து பிறந்த ஏற்பாடு அது. ஆனால் 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது பர்மாவை விட்டு ஓடிவந்தவர்களுக்கு, அங்கே விட்டுவந்த பேரேட்டைவிட இங்கே ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்த நகல்தான் கைக்கு எட்டியது.

இந்த ஏற்பாடுகளில் எதையும் யாரும் 'காப்பு நகல்' என்று சொன்னதில்லை. வரி, சீர், கடன், மொய் என்று வேறு வேறு காரியங்களுக்காக எழுதியவை ஒன்றுக்கொன்று சாட்சியாக நின்றன.

2

இப்போது முதல் இழப்புக்கு வருவோம். வீட்டுக் கணினி எப்படிச் சாகிறது? செட்டிநாட்டு வெயில், ஏறி இறங்கும் மின்னழுத்தம், காற்றாடியில் அடைந்த தூசி, இடி மின்னல் என்று காரணங்கள் எளியவை. காந்த வட்டுக்கு மேலே மயிரிழைக்கும் குறைவான உயரத்தில் மிதந்து படிக்கும் முனை ஒருமுறை இடித்தால் வட்டில் கீறல் விழுகிறது. அது உண்மையான அழிவு. ஆனால் 'டேட்டா போச்சு' என்று நாம் சொல்கிற பல சந்தர்ப்பங்களில் தரவு போயிருப்பதில்லை.

1999 ஏப்ரல் 26 இதற்கு நல்ல பாடம். செர்னோபில் என்ற பட்டப்பெயரில் அறியப்பட்ட சிஐஎச் வைரஸ் அன்று விண்டோஸ் 95, 98 ஓடிய கணினிகளில் விழித்தது. அதிக அடி வாங்கியவை ஆசிய நாடுகள். இந்தியாவும் அதில் உண்டு. அது செய்த வேலை இரண்டு: கணினியை எழுப்பும் அடிப்படை நிரல் இருக்கும் சில்லைக் கெடுக்க முயன்றது, ஹார்ட் டிஸ்கின் முதல் ஒரு மெகாபைட்டை வெற்றுத் தரவால் நிரப்பியது. அந்த முதல் பகுதியில்தான் வட்டு எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது, எந்தக் கோப்பு எங்கே கிடக்கிறது என்ற அட்டவணை தொடங்குகிறது. நூலகத்தில் புத்தகங்கள் அலமாரியில் அப்படியே இருக்க, அட்டவணை அட்டைகளை மட்டும் கொளுத்தியது போன்ற காரியம். பெரிய வட்டுகளில் இந்த அட்டவணையின் இரண்டாவது நகல் ஒன்று சற்றுத் தள்ளி எழுதப்பட்டிருக்கும். அது தப்பிய கணினிகளில் கோப்புகளை மீட்க முடிந்தது. அங்கேயும் காப்பாற்றியது பிரதிதான்.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒரு விதி கிடைக்கிறது. கோப்பை அழித்தாலும் வட்டை 'ஃபார்மட்' செய்தாலும் பழைய காந்த வட்டுகளில் பெரும்பாலும் போவது முகவரிதான், சரக்கு அங்கேயே கிடக்கும். அதன்மேல் புதிதாக எதையாவது எழுதும்போதுதான் சரக்கு அழிகிறது. எனவே கெட்டுப்போன வட்டை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்ப்பதும், அதிலேயே விண்டோஸை மறுபடி நிறுவுவதும் இறந்தவரை இரண்டாம் முறை கொல்வது. முதல் வேலை, முழு வட்டையும் அப்படியே வேறொரு வட்டில் படியெடுத்துக்கொண்டு அந்தப் படியில் மட்டும் கைவைப்பது. இன்றைய எஸ்எஸ்டி வட்டுகளில் இந்த ஆறுதலும் குறைவு: அழித்த கோப்பு இருந்த இடத்தை வட்டு தானே பின்னணியில் துடைத்துவிடும்.

மஞ்சள் பையில் வந்த வட்டு இப்படித்தான் பேசியது. அட்டவணை சிதைந்திருந்தது, கோப்புகளில் பெரும்பகுதி இருந்தன. வீட்டார் சந்தோஷப்பட்டார்கள். கோப்பைத் திறந்ததும் இரண்டாவது இழப்பு தெரிந்தது.

3

திரையில் வந்தது தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பை. தொண்ணூறுகளில் கணினியில் தமிழ் எழுதிய எல்லோருக்கும் இது பழக்கமான காட்சி. அன்றைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்கு உரிய எண்ணின் மேல் தமிழ் எழுத்தின் படத்தை ஒட்டின. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்ற சொல் கணினியைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. பாமினி நிறுவப்பட்டிருந்தால் கண்ணுக்குத் தமிழ், இல்லாவிட்டால் உளறல். எழுத்துருவுக்கு எழுத்துரு இந்த ஏற்பாடு வேறு. இணையத்தில் கூடியவர்கள் டிஸ்கியை உருவாக்கினார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு டேப், டேம் குறியீடுகளை முன்வைத்தது. ஆனால் 1991லேயே யூனிகோடில் தமிழுக்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட 2010 ஆயிற்று. அந்த இரு பத்தாண்டு இடைவெளியில் வீடுகளில் தட்டச்சு செய்யப்பட்ட தமிழில் பெரும்பகுதி இந்தத் தற்காலிகச் சங்கேதங்களில்தான் கிடக்கிறது.

பிள்ளையார்பட்டிக் குடைவரையில் ஒரு சிறு கல்வெட்டு இருக்கிறது. 'பெருந்தசன்' என்ற சொல் அதில் வருகிறது. குடைந்த பெருந்தச்சனின் பெயர் என்று கல்வெட்டறிஞர்கள் கொள்வார்கள். தமிழ் பிராமி வட்டெழுத்தாக உருமாறிக்கொண்டிருந்த காலத்து எழுத்து என்றும் சொல்வார்கள். கல் உடையவில்லை, எழுத்தும் தேயவில்லை. இருந்தும் எத்தனை நூற்றாண்டுகளாகச் சாமி கும்பிட வந்தவர்களுக்கு அது வெறும் கீறல். ஊடகம் பிழைத்து வாசகன் செத்துப்போன நிலைமை அது. கல்லுக்கு அப்படி ஆக நூற்றாண்டுகள் பிடித்தன. பெரியவரின் கோப்புக்குப் பத்து வருஷம்கூடத் தேவைப்படவில்லை.

நல்லவேளையாக இந்தச் சங்கேதம் ரகசியமானதல்ல. ஒன்றுக்கு ஒன்று பெயர்த்துவிடலாம். என்எச்எம் மாற்றி, சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி போன்ற இலவசக் கருவிகள் அந்த வேலையைச் செய்தன. ஆனாலும் ஒரு பொறி உண்டு. கோப்பின் வடிவமைப்பு போய் வெறும் எழுத்து மட்டும் கிடைக்கும்போது, எந்த இடம் பாமினி, எந்த இடம் நிஜமான ஆங்கிலம் என்று மாற்றிக்குத் தெரியாது. விலாசத்தை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தால் அதையும் தமிழாக்கித் தொலைக்கும். விலாசம் போனால் நகரத்தார் வம்சாவளியில் என்ன மிஞ்சும்? அதைச் சொல்ல மூன்றாவது இழப்புக்குப் போக வேண்டும்.

4

பெரியவர் எல்லாவற்றையும் சாதாரணக் கோப்பில் எழுதவில்லை. ஒரு பகுதியை வம்ச மரம் வரையும் மென்பொருள் ஒன்றில் ஏற்றியிருந்தார். இந்த மென்பொருள்கள் தமக்குள் தரவைப் பரிமாறிக்கொள்ளப் பொதுவான ஒரு வடிவம் இருக்கிறது, பெயர் கெட்காம். 1984இல் மார்மன் திருச்சபை உருவாக்கியது. இறந்த முன்னோருக்கும் ஞானஸ்நானம் செய்துவைக்கலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. அதற்கு முன்னோரின் பெயர்ப் பட்டியல் வேண்டும். ஒரு குறிப்பிட்ட மறுமை நம்பிக்கையின் தேவை உலகம் பூராவுக்குமான படிவமாக ஆகிவிட்டது. அந்தப் படிவத்தில் குடும்பப் பெயரை இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவே எழுத வேண்டும். தமிழருக்குக் குடும்பப் பெயர் ஏது? சாய்கோடுகளுக்கு நடுவே வெற்றிடம் விழும், அல்லது தகப்பனார் பெயர் உட்காரும், அல்லது 'செட்டியார்' என்று எல்லோருக்கும் ஒரே சாதிப் பெயர் விழுந்து அடையாளமே இல்லாமல் போகும்.

அடுத்த சிக்கல் பெயர் இடுவதில். மூத்த பேரனுக்கு அப்பாவைப் பெற்ற ஐயாவின் பெயர். ஆகவே ஒரே பெயர் தலைமுறை விட்டுத் தலைமுறை வருகிறது. நான்கு மகன்கள் இருந்தால் நான்கு வீட்டிலும் ஒரே பெயரில் பேரன்கள். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாதென்பதால் வீட்டில் கூப்பிடுவது வேறு பெயர். யார் எவர் என்று பிரித்துக் காட்டுவது விலாசமும் கூப்பிடும் பெயரும்தான். மென்பொருள் இதை எப்படிப் பார்க்கிறது? ஒரே பெயர், அருகருகே வயது, பிறந்த தேதி இல்லை. 'இவ்விருவரும் ஒருவரே போலிருக்கிறது, இணைக்கவா?' என்று கேட்கிறது. ஆமென்று ஒரு சொடுக்கு. ஐயாவும் பேரனும் ஒரே ஆளாகி, நடுவில் ஒரு தலைமுறை காணாமல் போகிறது. பெட்டி பழுதாகவில்லை, வைரஸ் வரவில்லை, எச்சரிக்கை மணி அடிக்கவில்லை.

சுவீகாரமும் அப்படித்தான். நிரல் பெற்றோரை முதலில் கேட்கும், பிள்ளை கூட்டியதைத் துணைக்குறிப்பாக வைத்துக்கொள்ளும். இங்கே சொத்தும் கொள்ளி வைக்கும் உரிமையும் கூட்டிவந்த பிள்ளையின் வழியாகவே போயின. படிவம் எதை முதன்மை என்று கருதுகிறதோ அதுவே வரலாறாக அச்சாகி வெளியே வருகிறது. 1994இல் லண்டனில் ஆற்றிய உரையொன்றில் (மறு ஆண்டு நூலாக வந்தது) தெரிதா சொன்னது இதைத்தான்: ஆவணப்படுத்தும் தொழில்நுட்பம் நிகழ்வைப் பதிவுசெய்வதோடு நிற்பதில்லை, எது பதிவாகத் தக்க நிகழ்வு என்பதையும் உண்டாக்குகிறது. அந்த மென்பொருள்களுக்கும் ஆயுள் உண்டு. மார்மன் சபையினரின் சொந்த மென்பொருளே 2013இல் கைவிடப்பட்டது.

5

தெரிதா அதே உரையில் 'ஆர்க்கைவ்' என்ற சொல்லின் கிரேக்க மூலத்துக்குப் போகிறார். அது ஆட்சியாளர்களின் வீட்டைக் குறித்தது. ஆவணம் அங்கே வைக்கப்பட்டது, அதற்குப் பொருள் சொல்லும் உரிமையும் வீட்டுக்காரர்களிடமே இருந்தது. வீட்டுக் கணினியை இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். கோயில் கணக்கிலும் ஐம்பது மொய் நோட்டிலும் ஆச்சிகளின் வாயிலும் பரவிக் கிடந்ததை ஒரு மனிதர் ஒரு அறையில், ஒரு கடவுச்சொல்லுக்குப் பின்னால் கொண்டுவந்து சேர்த்தார். உழைப்பு பெரிது, நோக்கத்தில் குறையில்லை. ஆனால் சேர்த்த அந்தக் கணத்திலேயே மற்ற பிரதிகள் எல்லாம் தேவையற்றவை ஆயின. அம்மா வழி உறவுகளை, யார் யாருக்கு என்ன முறை என்பதை விரல்நுனியில் வைத்திருந்த ஆச்சிகளை அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. கோப்பில் ஆண் வழி ஏழு தலைமுறைக்கு நேராக ஓடுகிறது. பெண்கள் கல்யாணமாகி வேறு கோயிலுக்குப் போனதும் வரி முடிந்துவிடுகிறது.

இதற்கும் அப்பால் ஒரு கேள்வி இருக்கிறது: இழப்பதற்கு ஒரு வம்சக் கோப்பு யாரிடம் இருந்தது? அந்த வீடுகளுக்குச் சுண்ணாம்பு அரைத்தவர்கள், கல் சுமந்தவர்கள், சமையல்கட்டில் நின்றவர்கள் ஆகியோரின் ஏழு தலைமுறை எந்த ஓலையிலும் இல்லை. முப்பதுகளின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் விளைநிலத்தின் நான்கில் ஒரு பங்கு செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. நிலத்தை இழந்த பர்மிய விவசாயி அந்தப் பேரேட்டில் கடன்காரனாக மட்டும் பெயர் பெற்றான். பேரேடு தொலைந்தால் ஒரு குடும்பத்தின் சொத்துக் கணக்கு தொலைகிறது. இன்னொரு குடும்பம் பாதிக்கப்பட்டதற்கான சாட்சியமும் அதோடு தொலைகிறது. முன்னோர் பெருமையை ரசிக்காதவர்களும் இந்த ஆவணங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டியது இதனால்தான்.

ஏழைகளுக்கு வம்ச வரலாறு பெருமைக்கானதல்ல, பிழைப்புக்கானது என்பதை அஸ்ஸாம் காட்டியது. அங்கே தேசியக் குடிமக்கள் பதிவேட்டில் இடம்பெற, 1971 மார்ச் 24 வரையிலான ஆவணத்தில் உள்ள முன்னோர் ஒருவரோடு தன்னைத் தொடர்புபடுத்திக் காட்ட வேண்டும். ஒவ்வொருவரும் எழுதிக்கொடுத்த குடும்ப மரத்தைக் கணினியில் ஏற்றி, அதே முன்னோரைச் சொன்ன மற்றவர்களின் மரத்தோடு ஒப்பிட்டார்கள். 2019 ஆகஸ்ட் 31இல் வந்த இறுதிப் பட்டியலில் 19 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விடுபட்டார்கள். சில மாதங்களில், 2020 பிப்ரவரியில், அந்தப் பட்டியலின் விவரங்களே இணையதளத்திலிருந்து மறைந்தன. மேகச் சேமிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாதது காரணமாகச் சொல்லப்பட்டது. தரவு பத்திரமாக இருப்பதாக உள்துறை அமைச்சகம் அறிவித்தது. குடிமகன் தன் பாட்டன் பெயரில் ஒரு எழுத்து பிசகினால் அந்நியன் ஆகலாம். அரசு முழுப் பட்டியலையே கண்ணில் காட்டாமல் போனால் அது தொழில்நுட்பக் கோளாறு.

6

சரி, என்ன செய்யலாம்? 'கூகிள்ல போட்டுட்டா போச்சு' என்பது 'கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே' என்பதன் அடுத்த பதிப்பு. இரண்டு ஆண்டு பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்ற கொள்கையை கூகிள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்தியிருக்கிறது. இறந்தவர் கணக்கில் யார் நுழைவார்கள்?

கணினித் துறையில் சொல்லப்படும் விதி சுருக்கமானது: 3 பிரதி, 2 வகை ஊடகம், அதில் 1 வேறு ஊரில். நல்ல விதிதான். அதோடு சில சேர்க்க வேண்டும். பெயர்களையும் உறவுகளையும் யூனிகோடு தமிழில், எந்த மென்பொருளும் இல்லாமல் படிக்கக்கூடிய வெறும் எழுத்துக் கோப்பாக ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். விலாசத்தையும் கூப்பிடும் பெயரையும் சுவீகாரத்தையும் படிவத்தில் இடமில்லாவிட்டாலும் வாக்கியமாக எழுத வேண்டும். எழுத்துரு பெயர், எழுதிய ஆண்டு, யார் சொல்லக் கேட்டது ஆகியவற்றை முதல் பக்கத்திலேயே குறிக்க வேண்டும். தாளில் அச்சிட்டுப் பங்காளி வீடுகளுக்கும், முக்கியமாகக் கட்டிக்கொடுத்த பெண்களின் வீடுகளுக்கும் கொடுக்க வேண்டும். அசலை எக்காரணம் கொண்டும் எடைக்குப் போடக் கூடாது.

பிரதி எடுத்தால் மட்டும் போதாது, வாசிக்க ஆள் வேண்டும். காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரில் ரோஜா முத்தையா தன் வீட்டில் சேர்த்துவைத்த புத்தகங்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும் அழைப்பிதழ்களும் ஏறத்தாழ ஒரு லட்சம். 1992இல் அவர் காலமானார். 1994இல் அந்தத் தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்க, அதை மையமாகக் கொண்டு சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. அட்டவணை போட்டார்கள், நுண்படம் எடுத்தார்கள், யாரோ எவரோ வந்து படிக்கத் தொடங்கினார்கள். ஒரு தனிமனிதரின் வீட்டுச் சேகரம் அதற்குப் பிறகுதான் ஆபத்தைத் தாண்டியது. எல்லாக் குடும்பத்துக்கும் சிகாகோ வராது. ஆனால் நகரத்தார் குடும்பங்களில் பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படைக்கும் படைப்பு என்ற வழக்கம் இருக்கிறது. மற்றவர்களுக்குக் குலதெய்வக் கும்பிடு இருக்கிறது. அன்றைக்கு அந்தப் பட்டியலை உரக்கப் படிக்கலாம். 'அது தப்பு, அவுக எங்க ஆயாவோட தங்கச்சி' என்று ஒரு ஆச்சி குறுக்கே விழுந்தால் திருத்திக்கொள்ளலாம். சேர்க்காமல் விட்டவர்கள் யார் யார் என்ற பேச்சும் அப்போதுதான் எழும்.

மஞ்சள் பை வட்டிலிருந்து கிடைத்தது ஐந்து தலைமுறை. மீதி இரண்டுக்கு மொய் நோட்டுகளைத் தேடிக் கொண்டு கொடுத்த வீடுகளுக்கும் பெண் எடுத்த வீடுகளுக்கும் அந்த மருமகள் போய்க்கொண்டிருக்கிறார். போகிற இடத்திலெல்லாம் ஒரு நகல் கொடுத்துவிட்டு வருகிறார்.